எல்ரோண்ட் சொல்லாமல் விட்ட பெயர்

டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், தீய ஆற்றல் கொண்ட ஒரு மோதிரத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க ரிவன்டெல்லில் ஒரு சபை கூடுகிறது. சபைக்குத் தலைமை அந்த இல்லத்துக்குரிய எல்ரோண்ட்; எல்ஃப் என்ற மூப்பறியா இனத்தவர், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டவர். பழங்காலப் படையெடுப்பு ஒன்றை நேரில் பார்த்தவராக அவர் பேச, மோதிரத்தைக் கொண்டுவந்த ஃப்ரோடோ வியப்பில் வாய்விட்டே கேட்டுவிடுகிறான். அப்போது எல்ரோண்ட் தன் குலத்தைச் சொல்கிறார்: தந்தை எயாரெண்டில், தாய் எல்விங், தாயைப் பெற்றவன் டியோர், அவனைப் பெற்றவள் லூதியன். பெற்றவர், பெற்றவரைப் பெற்றவர் என எல்லாரும் வந்துவிடுகிறார்கள். எடுத்து வளர்த்தவன் பெயர் மட்டும் வரவில்லை.

அப்படி ஒருவன் இருந்தான் என்பதே பொது வாசகருக்கு 1977 வரை தெரியாது. டோல்கீன் 1973-ல் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்க எழுதி எழுதி அடித்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளிலிருந்து அவருடைய மகன் கிறிஸ்டோபர் 'சில்மரில்லியன்' என்ற நூலைத் தொகுத்து வெளியிட்டார். அதில்தான் அந்தக் கதை இருக்கிறது. ஃபேயனோர் என்ற எல்ஃப் செய்த மூன்று மணிகளை யார் வைத்திருந்தாலும் விடுவதில்லை என்று அவனும் அவனுடைய ஏழு மகன்களும் சத்தியம் செய்கிறார்கள். அந்தச் சத்தியம் சொந்த இனத்தாரையே வெட்டிச் சாய்க்கும் இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. கடைசித் தாக்குதலில், எஞ்சியிருந்த மகன்கள், மணிகளில் ஒன்றை வைத்திருந்த எல்விங்கின் ஊரை அழிக்கிறார்கள். அவள் மணியோடு கடலில் பாய்கிறாள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் எல்ரோஸும் எல்ரோண்டும் பகைவர் கையில் சிக்குகிறார்கள். ஃபேயனோரின் இரண்டாம் மகன் மாக்லோர் அவர்கள்மேல் இரக்கப்பட்டான், பேணினான், யாரும் நினைத்திராதபடி அவர்களுக்குள் பின்னால் அன்பு வளர்ந்தது, ஆனால் அந்தக் கொடிய சத்தியத்தின் பாரத்தால் அவன் நெஞ்சு நொந்து களைத்திருந்தது. நூல் சொல்வது இவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியத்தின்மேல் எழுதப்பட்டிருக்கும் ரசிகர் கதைகளை ஒருவர் உட்கார்ந்து படித்து முடிக்க முடியாது. ஊரைக் கொளுத்தியவன் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நடந்துபோன முதல் இரவு. அவர்களுக்கு யாழ் கற்றுக்கொடுக்கும் மாக்லோர். அவன் பெரும்பாடகன் என்று நூலே சொல்கிறது. பிரிந்துபோகும் நாள். கடைசியில் மணியைக் கடலில் எறிந்துவிட்டுக் கரையோரமாகப் பாடிக்கொண்டே அலைந்தான் என்று நூல் அவனை விட்டுவிடுகிறது, இறந்தான் என்று சொல்லவில்லை. அதனால் இன்றைக்கும் ஏதோ ஒரு கடற்கரையில் அவன் நிற்பதாக எழுதப்பட்ட கதைகள் தனி வகையாகவே பெருகிக் கிடக்கின்றன. காபிக் கடையில் பாட்டுப் பாடிப் பிழைக்கும் மாக்லோரை நானே பத்துப் பதினைந்து தடவை சந்தித்திருக்கிறேன்.

ரசிகர் புனைவு, ஃபேன் ஃபிக்ஷன், சுருக்கமாக ஃபிக் என்றெல்லாம் சொல்லப்படுவது இதுதான். ஒருவர் படைத்த உலகத்தையும் மாந்தரையும் எடுத்துக்கொண்டு, அவருடைய வாசகர்கள், காசு வாங்காமல், தங்களுக்குள் எழுதிப் படிப்பது. இந்த விளக்கத்தில் முக்கியமான சொல் 'தங்களுக்குள்' என்பதுதான் என்பேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கதைகள் மட்டும் தெரியும். உள்ளே போனவர்களுக்குத்தான் தெரியும், கதை என்பது அங்கே நடந்துகொண்டிருக்கும் ஒரு நீண்ட பேச்சில் ஒருவர் எழுந்து சொன்ன மறுமொழி என்று.

இதைத் தமிழில் விளக்கப் புகுகிறவர்கள் உடனே கம்பரை இழுத்து வருவார்கள். வால்மீகியை வைத்துக் கம்பர் எழுதியதும் ரசிகர் புனைவுதானே என்று. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. இராமன் கதைக்குச் சொந்தக்காரர் என்று யாரும் பதிவுசெய்து வைத்திருக்கவில்லை. மூலம் தெரியாத ஒருவர்கூடக் கம்பரைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டு அனுபவிக்கலாம். ரசிகர் கதை அப்படியல்ல. எல்ரோண்ட் யார் என்று தெரியாதவருக்கு மேலே சொன்ன கதைகளில் ஒன்றுகூடப் பிடிபடாது. அது மூலத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்து. நம் மரபில் அதற்கு நெருக்கமானது காப்பியம் அல்ல, உரை. ஒரு சொல் ஏன் இங்கே நிற்கிறது, சொல்லாமல் விட்டது என்ன, இரண்டு இடங்கள் முரண்பட்டால் எப்படிப் பொருத்துவது என்று உரைகாரர் மல்லுக்கு நிற்பாரே, அந்த வேலை. நச்சினார்க்கினியர் அடிகளைப் பிரித்தெடுத்து வேறெங்கோ கொண்டுபோய் மாட்டிப் பொருள் சொல்கிறார் என்று முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் கோபப்பட்டார். அதே கோபத்தை எல்ஃப்களின் காது கூரானதா இல்லையா என்ற விவாதத்திலும் பார்க்கலாம்.

ஆனால் கம்பரோடு ஒரு சின்ன ஒற்றுமையை மறுக்க மாட்டேன். பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனை நான் என்று அவர் அவையடக்கம் பாடினார் அல்லவா? பத்திருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எந்த ரசிகர் கதையைத் திறந்தாலும் தலையில் ஓர் அவையடக்கம் இருக்கும்: இந்த மாந்தர் என்னுடையவர்கள் அல்லர், டோல்கீனுடையவர்கள், நான் சும்மா விளையாடிவிட்டுத் திருப்பி வைத்துவிடுகிறேன், காசு எதுவும் வாங்கவில்லை. சட்டத்தில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. வழக்குக்குப் பயந்தவர்களின் தாயத்து அது. இப்போது அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது.

டோல்கீன் ரசிகர்கள் இப்படி எழுதத் தொடங்கியது இணையத்தோடு அல்ல. 1960களிலேயே அமெரிக்காவில் கைப்பிரதி அச்சு இதழ்கள் இருந்தன. ஸ்டென்சில் வெட்டி, உருட்டி, தபாலில் அனுப்பியவை. 1998-ல் ஃபேன்ஃபிக்ஷன்.நெட் வந்தபின் யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம் என்றாயிற்று. 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்த மூன்று திரைப்படங்கள் அணையைத் திறந்துவிட்டன. புத்தகத்தை முப்பது ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருந்தவர்களும், படம் பார்த்துவிட்டு அன்றிரவே எழுத உட்கார்ந்த பதினைந்து வயதுப் பெண்களும் ஒரே முற்றத்தில் வந்து நின்றார்கள். முட்டிக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்தின் அடையாளமான கதை வகை 'பத்தாவது துணைவர்'. மோதிரத்தை அழிக்கப் போகும் குழுவில் ஒன்பது பேர். நம் காலத்துப் பெண் ஒருத்தி எப்படியோ அந்த உலகத்தில் விழுந்து, பத்தாவது ஆளாகச் சேர்ந்துகொள்கிறாள். வாள் சுழற்றுகிறாள், எல்லா மொழியும் பேசுகிறாள், குழுவிலுள்ள எல்ஃப் லெகோலஸ் அவளைக் கண்ட மாத்திரத்தில் காதலிக்கிறான். இப்படிக் குறையே இல்லாத நாயகிக்கு 'மேரி சூ' என்று பெயர். ஸ்டார் டிரெக் ரசிகர் இதழ் ஒன்றில் 1973-ல் வந்த ஒரு நையாண்டிக் கதையின் நாயகி பெயர் அது. அன்று மூத்தவர்கள் இந்தப் பெண்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கதைகளைத் தேடிப் பிடித்து வரிவரியாகக் கேலிசெய்யவே குழுக்கள் இருந்தன. எனக்கு அந்தக் கேலி ஒருநாளும் பிடித்ததில்லை. டோல்கீனின் 'ஹாபிட்' நாவலில் ஒரு பெண்கூட நேரில் வந்து நிற்பதில்லை. கதைநாயகன் பில்போவின் தாய் பெயர் மட்டும் பேச்சில் வந்துபோகிறது. மோதிரக் குழுவின் ஒன்பது பேரும் ஆண்கள். வாசிக்கிற பெண் தனக்கு ஓர் இடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? கதை நன்றாக இல்லை என்பது வேறு பேச்சு. பதினைந்து வயதில் யார் நன்றாக எழுதினார்கள்?

இதே குறையைத்தான் பிறகு நன்றாக எழுதுகிறவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். மாக்லோருக்கு மனைவி இருந்தாள் என்று டோல்கீனின் பிற்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பெயர் இல்லை. அவனுடைய தம்பி குருஃபினுக்கு மகன் உண்டு. அந்த மகனின் தாய்க்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத இந்தப் பெண்களுக்கு, டோல்கீனே உருவாக்கிய க்வென்யா மொழியின் வேர்ச்சொற்களைத் தேடி, இலக்கணம் பிசகாமல் பெயர் கட்டி, வீடு கொடுத்து, தொழில் கொடுத்து, கணவன் சத்தியம் செய்துவிட்டு வந்து நின்ற இரவில் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வைத்த பெயர் மற்றவர்களுக்குப் பிடித்துப்போய், அவர்களும் கேட்டு வாங்கிப் பயன்படுத்தி, நாளடைவில் அது மூலத்திலேயே இருக்கிறது என்று புதியவர்கள் நம்பத் தொடங்கிவிடுவார்கள். மூலத்தில் உள்ளதைக் 'கேனன்' என்றும், இப்படி ரசிகர்களுக்குள் ஊறிப்போனதை 'ஃபேனான்' என்றும் சொல்வது வழக்கு.

கேனன் எது என்பதும் டோல்கீன் விஷயத்தில் அவ்வளவு சுலபமல்ல. அவருடைய பிரதிகள் பன்னிரண்டு தொகுதிகளாக 1983-க்கும் 1996-க்கும் இடையே வந்தன. கில்-கலாட் என்ற அரசனின் தந்தை ஃபிங்கோன் என்று 1977-ல் அச்சான நூல் சொல்கிறது. பன்னிரண்டாம் தொகுதியில் கிறிஸ்டோபரே, அது தான் தொகுத்தபோது செய்த பிழை, தன் தந்தை டோல்கீனின் கடைசி முடிவுப்படி அவன் ஓரோட்ரெத்தின் மகன் என்று எழுதினார். எதை எடுத்துக்கொள்வது? அச்சில் இருப்பதையா, ஆசிரியர் கடைசியாக நினைத்ததையா? சுவடிக்குச் சுவடி பாடபேதம் பார்த்த உ.வே.சா. உட்கார்ந்து தீர்க்கவேண்டிய வழக்கு. ரசிகர்கள் அதைத் தீர்க்கவில்லை; கதையின் தொடக்கத்தில் 'இதில் கில்-கலாட் இன்னாருடைய மகன்' என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டு மேலே போகிறார்கள். நம் எல்ரோண்டின் கதையிலும் இதே சிக்கல் உண்டு. 1930-ஐ ஒட்டிய பிரதியில் பிள்ளைமேல் இரக்கப்பட்டவன் மூத்தவனான மாயத்ரோஸ். பிறகுதான் மாக்லோர் ஆனான். 1958-ல் எழுதிய ஒரு கடிதத்திலோ, அருவி விழும் குகையொன்றில் பிள்ளைகள் விடப்பட்டிருந்தார்கள், எல்ரோண்ட் குகைக்குள்ளும் எல்ரோஸ் தண்ணீரில் அளைந்துகொண்டும் இருந்தபோது கண்டெடுக்கப்பட்டார்கள் என்று வருகிறது. ரசிகர்கள் மூன்றையும் விடவில்லை. குகையும் உண்டு, அருவியும் உண்டு, அண்ணன் மாயத்ரோஸ், தம்பி மாக்லோர் இருவருமே வளர்த்ததாகவும் வைத்துக்கொள்கிறார்கள்.

பங்கெடுப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒரு சின்ன இடத்தைக் கிட்டே போய்க் காட்டுகிறேன். சிந்தார் என்ற எல்ஃப் பிரிவினரின் மொழியில் அப்பாவைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் 'அடா'. (எல்ஃப் இளவரசி தன் தந்தையை 'அடா' என்று உருகி அழைப்பதைத் தமிழன் சிரிக்காமல் படிப்பது கடினம், நான் பழகிக்கொண்டேன்.) க்வென்யாவில் அதுவே 'அத்தோ'. வளர்ப்புத் தந்தையைப் பிள்ளைகள் எப்படி அழைத்திருப்பார்கள்? ஒருவர் தன் கதையில் 'அடா' என்று எழுதியிருந்தார். பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டார்: மாக்லோர் வீட்டுப் பேச்சு க்வென்யா அல்லவா? இன்னொருவர்: ஆனால் தன் உறவினரைக் கொன்றவர்களின் மொழி என்று லூதியனின் தந்தையான திங்கோல் மன்னன் தன் நாடு முழுக்க க்வென்யாவைத் தடைசெய்திருந்தான், பிள்ளைகளோ திங்கோலின் கொடிவழி. அப்படியானால் தாய்வீட்டில் காதில் விழக்கூடாதென்று இருந்த மொழியிலேயே, தாயின் ஊரை அழித்தவனை, அவர்கள் அப்பா என்று கூப்பிட்டிருக்கவேண்டும். கதாசிரியர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு கதையைத் திருத்தினார். புதிய வடிவில் எல்ரோஸ் 'அத்தோ' என்கிறான். எல்ரோண்ட் எந்தச் சொல்லாலும் அழைப்பதில்லை. பேசவேண்டியிருந்தால் அருகில் போய் நின்றுகொள்கிறான்.

முகம் தெரியாத மூன்று பேர் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்ததில் அந்தக் காட்சி பிறந்தது. நான் வாசித்த திறனாய்வு நூல்கள் பலவற்றில் மூலத்தின்மேல் இவ்வளவு கண் வைத்துப் பார்த்தோரைக் கண்டதில்லை.

எல்லாத் திருத்தமும் இவ்வளவு உயரத்தில் நடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். நான் முதன்முதலில் எழுதிய கதையில் ஒரு ஹாபிட் (டோல்கீன் உலகத்துக் குள்ள மனிதர்) வீட்டு அடுக்களையில் தக்காளி நறுக்கிவிட்டேன். 'ஹாபிட்' முதற்பதிப்பில் தக்காளி இருந்தது, 1966 திருத்தப் பதிப்பில் டோல்கீன் அதை எடுத்துவிட்டு ஊறுகாய் என்று மாற்றிவிட்டார், அமெரிக்காவிலிருந்து வந்த காய் அவருடைய உலகத்துக்குப் பொருந்தாது என்பதால் இருக்கலாம் என்று ஒரு பெண்மணி மிகுந்த பணிவோடு எழுதியிருந்தார். உருளைக்கிழங்கும் புகையிலையும் மட்டும் எப்படி இருக்கின்றன என்று நான் பதிலுக்குக் கேட்க, அது இரண்டு மாதம் ஓடியது. இன்றுவரை அவர்தான் என் கதைகளுக்குப் பீட்டா. வெளியிடுமுன் படித்துத் திருத்திக் கொடுப்பவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கூலி கிடையாது. நான் அவருடைய கதைகளைப் படித்துக் கொடுக்கிறேன், அது கணக்குச் சரி. ஊரில் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுபோல, எழுதி வைக்காத கணக்கு ஒன்று எல்லாருக்கும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

மொய் என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. இந்த உலகமே கொடுத்து வாங்குவதில்தான் நிற்கிறது. பரிசுப் பரிமாற்றங்கள் நடக்கும். எனக்கு இன்ன மாந்தர், இன்ன சூழல் வேண்டும் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுப்பார்கள், யாருக்கோ எழுதும் பொறுப்பு நமக்கு விழும், நமக்கு எழுதுவது யார் என்பது கடைசிவரை தெரியாது. 2003 முதல் நடக்கும் 'யூல்டைட்' இதில் பெயர் பெற்றது. அதிகம் பேர் எழுதாத நூல்களுக்கு மட்டுமே அங்கே இடம், குறைந்தது ஆயிரம் சொல், கிறிஸ்துமஸ் அன்று எல்லாம் திறக்கப்படும். ஓவியர்கள் முதலில் படம் வரைந்து கொடுக்க, அதைப் பார்த்து மற்றவர்கள் நீண்ட கதை எழுதும் நிகழ்வுகளும் உண்டு. 'டிராபிள்' என்றால் சரியாக நூறு சொல். நூற்றொன்று ஆனால் சேர்க்க மாட்டார்கள். 2005-ல் தொடங்கிய சில்மரில்லியன் ரைட்டர்ஸ் கில்ட் போன்ற குழுக்கள் அந்த ஒரு நூலுக்காகவே நடக்கின்றன.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் காசு நுழைந்தால் கெட்டுப்போகும் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. அது வீண் பயமல்ல. 2007-ல் இரண்டு அடி அடுத்தடுத்து விழுந்தன. முதலீட்டாளர் பணத்தோடு 'ஃபேன்லிப்' என்ற நிறுவனம் வந்து, ரசிகர் கதைகளைத் தன் தளத்தில் சேர்த்து வருமானம் பார்க்கக் கிளம்பியது. லாபம் நிறுவனத்துக்கு, வழக்கு வந்தால் எழுதியவர் தலையில் என்பதுதான் அதன் நிபந்தனைகளைப் படித்தவர்களின் கொதிப்பு. அதே மாதம், ரசிகர்கள் அதிகம் புழங்கிய லைவ்ஜர்னல் தளம் முன்னறிவிப்பில்லாமல் சில நூறு பக்கங்களை முடக்கியது. இதற்கு முன்பும், 2002-ல், ஃபேன்ஃபிக்ஷன்.நெட் வயதுவந்தோருக்கான கதைகளை மொத்தமாகத் தடைசெய்திருந்தது. வாடகை வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்ற பேச்சு எழுந்தது. நமக்கென்று ஓர் ஆவணக்காப்பகம், விளம்பரம் இல்லாமல், நம் சொந்த சர்வரில் என்று ஒருவர் எழுதிய குறிப்பிலிருந்து ஓர் இலாபநோக்கற்ற அமைப்பு உருவானது. அதன் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நவோமி நோவிக். மிகுபுனைவு நாவல்களுக்காகப் பரிசு பெற்ற எழுத்தாளர், ரசிகர் கதைகளும் எழுதுகிறவர். இன்று அங்கே படைப்புகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டி நாளாகிறது. 2019-ல் டப்ளினில் அந்தக் காப்பகத்துக்கே, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்குமான ஹியூகோ விருது கொடுத்தார்கள்.

சொந்த வீடு ஏன் வேண்டும் என்பதற்குப் பிறகும் சான்று கிடைத்தது. 2009-ல் இலவச இணையப் பக்கங்கள் தந்த ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோதும், 2019 இறுதியில் யாஹூ குழுக்களின் உள்ளடக்கம் அழிக்கத் தொடங்கியபோதும், ஒரு தலைமுறையின் கதைகளும் விவாதங்களும் போயின. டோல்கீன் கதைகளுக்கென்றே இருந்த, உறுப்பினர்கள் படித்து வாக்களித்தால்தான் கதை ஏறும் என்ற கடுமையான விதி வைத்திருந்த 'ஹென்னெத்-அன்னூன்' காப்பகம் மூடும் நிலைக்கு வந்தபோது, அதன் கதைகளை மூட்டை கட்டிப் புதிய வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வீட்டின் ஒழுங்கு தனி அழகு. கதைக்கு யார் வேண்டுமானாலும் எந்தக் குறிச்சொல்லும் போடலாம். ஒருவர் 'மாக்லோர்' என்பார், ஒருவர் க்வென்யாவில் அவனுடைய பெயரான 'மகலௌரே' என்பார், ஒருவர் எழுத்துப்பிழையோடு போடுவார். இவை எல்லாம் ஒரே ஆள்தான் என்று இணைத்து வைப்பது தன்னார்வலர்கள். 'டேக் ராங்ளர்' என்று பெயர். இராப்பகலாக மாடு மேய்ப்பதுபோல் சொற்களை மேய்க்கிறார்கள். கொடூர வன்முறை, முக்கிய மாந்தர் மரணம் போன்றவற்றுக்கு முன்னெச்சரிக்கை போடவேண்டும், அல்லது எச்சரிக்கை தர விரும்பவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். பிடிக்காததைத் திட்டாதே, திறக்காமல் போ என்பதே அங்கே நல்ல பழக்கம். எல்லாரும் அப்படி இருக்கிறார்கள் என்று சொன்னால் பொய். மாயத்ரோஸுக்கும் ஃபிங்கோனுக்கும் இடையில் இருந்தது நட்பா காதலா என்று கேட்டுவிட்டு நகர்ந்தால் போதும், மறுநாள் காலைவரை எரியும்.

டோல்கீன் இதைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? இரண்டு கட்சிக்கும் அவரிடமே மேற்கோள் உண்டு. 1951 வாக்கில் ஒரு பதிப்பாசிரியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், பெரிய கதைகள் சிலவற்றை முழுதாக எழுதி, மற்றவற்றைக் கோட்டுருவமாக விட்டு, ஓவியமும் இசையும் நாடகமும் கையாளும் பிறர் மனங்களுக்கும் கைகளுக்கும் இடம் வைக்க ஆசைப்பட்டதாகச் சொல்கிறார். ரசிகர்கள் வேதம்போல் ஓதும் வரி இது. ஓதுகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த சொல்லை விட்டுவிடுவார்கள். அதையெல்லாம் சொல்லிவிட்டு, 'அபத்தம்' என்று ஒற்றைச் சொல்லில் தன்னையே தட்டி முடிக்கிறார். 1966-ல், தன் நாவலுக்குத் தொடர்ச்சி எழுதக் கிளம்பிய ஓர் இளைஞனைப் பற்றிப் பதிப்பகத்தாருக்கு எழுதியபோது கழுதை என்றே திட்டினார்.

சட்டம் காசு இருக்கும் இடத்தில்தான் கடிக்கிறது. ஓர் அமெரிக்கர் தன் தொடர்ச்சி நாவலை விற்பனைக்கே கொண்டுவந்து, போதாக்குறைக்கு டோல்கீன் அறக்கட்டளைமீதும் அமேசான்மீதும் 25 கோடி டாலர் கேட்டு வழக்கும் போட்டார். 2023-ல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளியதோடு, புத்தகப் பிரதிகளை அழிக்கவும் வழக்குச் செலவைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. காசு வாங்காதவர்களைப் பொதுவாக யாரும் தேடி வருவதில்லை. உரிமைக்காலம் எப்படியும் ஒருநாள் தீரும்: ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்பது இந்தியக் கணக்கு, ஆகவே அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் இங்கே 2034 தொடக்கத்தில் பொதுவுடைமை ஆகும். பிரிட்டனில் இன்னும் பத்தாண்டு கூடுதல். அவர் இறந்தபின் அச்சான 'சில்மரில்லியன்' போன்றவற்றுக்குக் கணக்கு வேறு.

இப்போது குழுவுக்குள் இருக்கும் கவலை வேறு திசையிலிருந்து வருகிறது. பிறர் எழுதிய ரசிகர் கதைகளை அழகாக பைண்டு செய்து இணையத்தில் விற்கிறார்கள். அதைக் கண்டு மனம் வெறுத்துத் தம் கதைகளை நீக்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. இயந்திரங்களுக்குப் பயிற்சி கொடுக்கக் காப்பகத்தையே வாரிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்ததும், பலர் உறுப்பினர்கள் மட்டுமே படிக்கும்படி கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் சாத்தினேன்.

எல்ரோண்டின் மௌனத்துக்கு வருகிறேன். ரசிகர்கள் கண்டுபிடித்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கதையாக அல்ல, ஒரு வாதமாக இருக்கிறது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முன்னுரைக் குறிப்பில், பில்போ முதுமையில் ரிவன்டெல்லில் தங்கி, அங்கே கிடைத்த சுவடிகளையும் அங்கே வாழ்ந்தவர்களின் வாய்மொழியையும் கொண்டு பழங்காலக் கதைகளை மூன்று தொகுதிகளாக மொழிபெயர்த்தான் என்று வருகிறது. சில்மரில்லியன் கதைகள் அந்த வழியில்தான் நமக்கு வந்தன என்று வைத்துக்கொண்டால், அவை எழுதப்பட்ட வீடு எல்ரோண்டுடையது. ஃபேயனோரின் மகன்களைக் கொலைகாரர்களாகவே காட்டிக்கொண்டு போகும் ஒரு வரலாற்றின் நடுவில், அன்பு வளர்ந்தது என்று ஒரு வாக்கியம் எப்படி நுழைந்தது? சபையில் வாய்விட்டுச் சொல்லாதவர் வீட்டில் இருந்த சுவடியில் அது இருந்தது.

போன மார்ச் மாதம் இதை வைத்து ஒரு டிராபிள் எழுதினேன். சரியாக நூறு சொல். பில்போ அந்த வரியை மொழிபெயர்த்துவிட்டு, இது நூலின் போக்கோடு ஒட்டவில்லையே, எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறான். எல்ரோண்ட் தாளை வாங்கிப் படிக்கிறார், மைத்தொட்டியைப் பில்போ பக்கம் நகர்த்திவைக்கிறார், வெளியே போய்விடுகிறார். தக்காளி அம்மையார் மறுநாளே கேட்டிருந்தார்: மைத்தொட்டியை நகர்த்தியது அடிக்கச் சொல்லியா, மேலே எழுதச் சொல்லியா? இன்னும் பதில் போடவில்லை.